கடலில் கரைந்த பவுன்

1897 பிப்ரவரி. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடென்ஸ் துறைமுகம். பலகை மேடை ஒன்றின் மேல் சின்னக் கொட்டகை. கொட்டகைத் தரையில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு மரப்பெட்டியைக் கடலுக்குள் இறக்கிவிட்டு, விறைக்கிற குளிரில் விடிய விடியக் காவல் இருந்தார்கள் கனெக்டிகட்டைச் சேர்ந்த நகைக்கடைக்காரர் ஒருவரும் அவருடைய நண்பரும். பெட்டிக்குள் துத்தநாகத் தகடு பதித்த தட்டு, அதில் பாதரசம், அதோடு ஏதோ ஒரு ‘ரகசியச் சரக்கு’, மேலே பேட்டரியிலிருந்து இறங்கும் கம்பி. பாதரசம் நகைக்கடைக்காரரே கொண்டுவந்தது. அதனால் முன்கூட்டியே யாரும் அதில் எதையும் கலந்திருக்க வழியில்லை. காலையில் பெட்டியைத் தூக்கி, பாதரசத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் தங்கம் இருந்தது.

காவலிருந்தவர்கள் கண் கொட்டாமல் பார்த்தது மேல்பக்கத்தை. வேலை நடந்தது கீழ்ப்பக்கத்தில். சார்லஸ் ஃபிஷர் என்பவர் முக்குளிப்போர் அணியும் உடுப்போடு நீருக்கடியில் வந்து, பெட்டியிலிருந்த பாதரசத்தை எடுத்துவிட்டுப் பொன் கரைத்த பாதரசத்தை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்.

பெட்டியைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்பட்டவர் பிரெஸ்காட் ஜெர்னகன். ஃபிஷரின் பால்ய சிநேகிதர். இருவரும் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்காரர்கள். ஜெர்னகன் பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்த பாப்டிஸ்ட் பாதிரியார். கடலிலிருந்து தங்கம் எடுக்கும் வழி தனக்கு நோய்ப்படுக்கையில் தோன்றிய காட்சி என்று சொல்லிக்கொண்டார். ஒரு பாதிரியார் சொல்லும்போது எந்த நகைக்கடைக்காரர் சந்தேகப்படுவார்?

ஆனால் பாதிரி அங்கியை மட்டும் நம்பி யாரும் பணம் போடவில்லை. ஜெர்னகன் சொன்னதில் பாதி உண்மையாக இருந்தது. கடலில் தங்கம் இருப்பது உண்மை. எட்வர்ட் சான்ஸ்டட் என்ற ஆங்கிலேய வேதியியலர் 1872-லேயே அதை அறிவித்துவிட்டார். டன்னுக்கு ஒரு கிரெயினுக்கும் குறைவு என்பது அவர் கணக்கு. ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். அன்றைய விலையில் நான்கு சென்ட். ஒரு டன் கடல்நீரில் நான்கு சென்ட் என்றால் கேவலமாகத் தோன்றும். அட்லாண்டிக் முழுவதையும் கணக்குப் போட்டுப் பார்த்தவனுக்கோ தலை சுற்றும். மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கும் என்பதும் உண்மை: வோல்டா தன் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்த அதே 1800-ஆம் ஆண்டில், லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் அதன் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துக் காட்டினார்கள். பாதரசம் தங்கத்தை விழுங்கும் என்பதும் உண்மை. கலசத்துக்கும் சிலைக்கும் முலாம் பூசியவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த சங்கதி அது. தமிழில் பொன் செய்யும் ஆசைக்கே ரசவாதம் என்றுதான் பெயர். பெயருக்குள்ளேயே பாதரசம் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று உண்மைகளை ஒரு பெட்டியில் அடைத்து, நான்காவதாக ஒரு பொய்யை அடியில் ஒட்டினார்கள்.

1897 கடைசியில் எலக்ட்ரோலிட்டிக் மரைன் சால்ட்ஸ் கம்பெனி உதயமானது. மூலதனம் ஒரு கோடி டாலர் என்று பத்திரத்தில் போட்டார்கள். பங்கு ஒன்று ஒரு டாலர். ஆலைக்குப் பிடித்த இடம் மெய்ன் மாநிலத்தின் லூபெக். அமெரிக்காவின் கிழக்குக் கோடி ஊர் அது. எதிர்க்கரையில் கனடா தெரியும். மத்தி மீனைத் தகர டப்பாவில் அடைப்பதுதான் ஊரின் பிழைப்பு. அங்கே ஓதம் ஏறி இறங்குவது 20 அடி வரை போகும். ஓத நீரை அணை கட்டித் தேக்கித் தானியம் அரைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய மில்லை வாங்கி, ‘கிளாண்டைக் ஆலை’ என்று பெயரிட்டார்கள்.

பெயரைக் கவனிக்க வேண்டும். அந்த மாதங்களில்தான் கனடாவின் கிளாண்டைக் ஆற்றுப் பக்கம் தங்கம் கிடைத்த செய்தி கேட்டு, வேலையை விட்டுவிட்டுப் பனிக்காட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள் ஆயிரக்கணக்கானோர். லூபெக் கம்பெனி சொன்னது வேறு: நீங்கள் பனியில் சாக வேண்டாம், ஓதமே தங்கத்தை வாசலுக்குக் கொண்டுவரும், ஒரு டாலர் கட்டிவிட்டு வீட்டில் இருங்கள். இதைவிடச் சொகுசான அழைப்பு வேறு என்ன வேண்டும்?

ஓத மில்லின் அடியில் பெட்டிகள் வரிசை வரிசையாக இறங்கின. கடல்நீர் உள்ளே வரும்போதும் போகும்போதும் அவற்றைத் தடவிக்கொண்டு ஓடும். உள்ளே மின்சாரமும் பாதரசமும் தங்கத்தைப் பிடித்துவைக்கும் என்று ஏற்பாடு. குறிப்பிட்ட நாளுக்கொரு முறை பெட்டிகளைத் தூக்கிச் சுத்தம் செய்தால் பொன் கிடைத்தது. உண்மையான பொன். அரசாங்கச் சோதனை அலுவலகத்துக்குப் போய் முத்திரையோடு திரும்பிய பொன். வெளியில் தங்கத்தை வாங்கி வந்து பெட்டிகளில் போட்டது ஃபிஷர் என்பது பிறகுதான் தெரிந்தது. பங்குக்காரர்களின் டாலரில் தங்கம் வாங்கி, அதையே கடல் கொடுத்த தங்கமாக அவர்களுக்குக் காட்டி, அதைக் காட்டி மேலும் டாலர் வாங்கியிருக்கிறார்கள். ஈமு கோழி வளர்ப்பு மோசடிக் காலத்தைப் பார்த்த கொங்கு நாட்டுக்காரருக்கு இந்தச் சக்கரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது ஆலைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் கட்டட வேலைக்கு வந்தார்கள். ஊரில் வாடகை ஏறியது. 1898 ஜூலையில் ஒரு நாள் வேலை நின்றது. ஃபிஷர் கம்பி நீட்டிவிட்டார். அவர் போன பின் பெட்டிகளில் பொன் விளையவில்லை. ஜெர்னகன் வேறு பெயரில் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். ஃபிஷர் தன்னையும் ஏமாற்றிவிட்டதாகவும், அவரைத் தேடித்தான் போவதாகவும் எழுதிவைத்தார். உடந்தையாக இருந்த ஒருவர் பத்திரிகைக்குப் போய் முக்குளிப்புக் கதையைக் கொட்டினார்.

பிற்பாடு ஜெர்னகன் தன்னிடமிருந்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பினார். கம்பெனி சொத்தை விற்றதும் சேர்ந்து, பங்குக்காரர்களுக்கு டாலருக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேறியது. மோசடிக் கம்பெனிகளின் சரித்திரத்தில் இது நல்ல வசூல். பாதிரியார் பிலிப்பைன்ஸ் போய்ப் பள்ளி ஆசிரியரானார். அந்த நாட்டின் வரலாற்றைப் பாடப்புத்தகமாகவும் எழுதினார். ஃபிஷர் பிடிபடவே இல்லை.

இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே தங்கத்தைத் தேடிக் கிளம்பியவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஃபிரிட்ஸ் ஹேபர் 1918-க்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் வழியைக் கண்டவர். இன்று வயலில் தூவுகிற யூரியாவின் பின்னால் இருப்பது அவருடைய வேதியியல். முதல் உலகப் போரில் விஷவாயுவை ஏவிய கையும் அவருடையதே. தோற்ற ஜெர்மனி நேச நாடுகளுக்கு 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 1921-இல் முடிவானது. தங்கக் கணக்கில் அது ஏறக்குறைய 50,000 டன். காற்றிலிருந்து உரம் எடுத்தவர், கடலிலிருந்து கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டார். டன்னுக்கு ஐந்தாறு மில்லிகிராம் இருக்கும் என்று அக்கால அறிஞர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். அது இருந்தால் போதும், தொழில் கட்டுப்படியாகும்.

1923-இல் ‘ஹன்சா’ என்ற பயணிக் கப்பலில் யாருக்கும் சொல்லாமல் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்து நியூயார்க் வரை போனார். அடுத்துத் தென் அமெரிக்கா பக்கம் ஒரு பயணம். போகிற வழியெல்லாம் கடல்நீரை மொண்டு, ஈயத்தோடு தங்கத்தைப் படியவைத்து, புடம் போட்டு, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொன்துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து அதன் குறுக்களவை அளந்தார்கள். துளியின் அளவிலிருந்து எடை. உலகக் கடல்களிலிருந்து ஆயிரக்கணக்கான மாதிரிகள் பெர்லினுக்கு வந்து சேர்ந்தன.

வந்த விடை, டன்னுக்கு 0.004 மில்லிகிராம். எதிர்பார்த்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்னோர் அளந்த தங்கத்தில் பெரும்பகுதி கடலிலிருந்து வந்ததே இல்லை; அவர்கள் பயன்படுத்திய மருந்துகளிலும் பாத்திரங்களிலும் ஒட்டியிருந்த தங்கம் அது. ஹேபர் இதை 1927-இல் அச்சிலேயே ஒப்புக்கொண்டு கடையைக் கட்டினார். இந்தக் கதை முழுவதிலும் உருப்படியாக நடந்த ஒரே காரியம் இந்தத் தோல்விதான் என்று சொல்லத் தோன்றுகிறது. கடனில் மூழ்கிய நாடு, நோபல் பரிசின் கௌரவம், தலைக்கு மேல் ஆசை. அத்தனையும் இருந்தும் தராசு சொன்னதை அவர் மாற்றி எழுதவில்லை.

ஹேபரின் விடையும் கூடுதல்தான் என்று பிறகு தெரிந்தது. 1990 வாக்கில் நவீனக் கருவிகளோடு அளந்தவர்கள், அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் பத்துக் கோடி டன் நீருக்கு ஒரு கிராம் என்ற கணக்குக்கு வந்தார்கள். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் இப்படி: மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதை விளிம்புவரை கடல்நீரால் நிரப்பி, ஒரு சொட்டு விடாமல் வடித்தெடுத்தால் கிடைப்பது மூன்று பவுன் சொச்சம்.

அதே பெர்லினில் அதே ஆண்டுகளில் இன்னொரு கூத்தும் நடந்தது. பாதரச ஆவி விளக்கில் மின்சாரம் பாய்ந்து பாய்ந்து பாதரசமே தங்கமாகிறது என்று 1924-இல் அடால்ஃப் மீதே என்ற பேராசிரியர் அறிவித்தார். டோக்கியோவில் நாகஓகாவும் அப்படியே சொன்னார். ஹேபரின் ஆய்வுக்கூடம் சோதித்துப் பார்த்தது. அங்கே ஒருவர் செய்த சோதனையில் மட்டும் தங்கம் வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் இருந்தவருக்கு வரவில்லை. துருவிப் பார்த்ததில், தங்கம் வந்தவருக்குத் தன் பொன் விளிம்புக் கண்ணாடியை அடிக்கடி கழற்றும் பழக்கம் இருந்தது. விரலில் ஒட்டிய தூசு ஈயத்தில் இறங்கியிருக்கிறது. முக்குளிக்க ஆள் இல்லாமலே பெட்டிக்குள் பொன் வந்துவிடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

தண்ணீரையும் மின்சாரத்தையும் வைத்துத் தனிமத்தையே மாற்றலாம் என்ற யோசனையும் அப்போது பிறந்ததுதான். 1926-இல் பெர்லினில் பானெத், பீட்டர்ஸ் என்ற இருவர், பல்லேடியம் உலோகம் உறிஞ்சிய ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது என்று எழுதினார்கள். மறு ஆண்டே திரும்பப் பெற்றார்கள். ஹீலியம் வந்தது சூடான கண்ணாடியிலிருந்தும் கல்நாரிலிருந்தும். அதற்குள் ஸ்வீடனில் ஜான் டாண்ட்பெர்க் என்ற விஞ்ஞானி, பல்லேடியம் மின்வாயை வைத்துத் தண்ணீரை மின்பகுத்து ஹீலியமும் சக்தியும் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டுவிட்டார். அவர் வேலை பார்த்தது எலக்ட்ரோலக்ஸில், அதாவது குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியில். மனு தள்ளுபடி ஆனது.

1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டி ஃபிளைஷ்மன், பான்ஸ் என்ற இரு வேதியியலர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. சாதாரணத் தண்ணீருக்குப் பதில் கனநீர். பல்லேடியம் அதே பல்லேடியம். சாதாரண ஜாடிக்குள் அணுக்கரு இணைவு நடந்து, விட்ட மின்சாரத்தை மிஞ்சிய வெப்பம் வருகிறது என்றார்கள். சில வாரங்களுக்கு உலகமே ஜாடியும் கையுமாக அலைந்தது. பம்பாயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரும் நியூட்ரான், டிரிட்டியம் தென்பட்டதாக அறிக்கை தந்தார்கள். பெரிய ஆய்வுக்கூடங்கள் பல முயன்றும் வெப்பம் வரவில்லை. வந்த இடத்தில் மறுமுறை வரவில்லை. நம்பத்தகுந்த சான்று இல்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு எழுதியது.

இங்கேதான் எரிபொருளும் பொன்னும் ஒரே மனிதரிடம் வந்து சேர்கின்றன. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஜான் போக்ரிஸ் சாதாரண ஆள் இல்லை. மின்வேதியியல் படிக்கிற மாணவர் எவரும் அவருடைய தடித்த பாடநூலைத் தவிர்க்க முடியாது. ‘ஹைட்ரஜன் பொருளாதாரம்’ என்ற சொல்லையே 1970-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். யூட்டா ஜாடியை அவரும் பிடித்துக்கொண்டார். தன் கூடத்தில் டிரிட்டியம் கிடைத்ததாக அறிவித்தார். 1992-இல், மலிவான உலோகத்தை விலையுயர்ந்த உலோகமாக்கத் தெரியும் என்று சொன்ன ஒருவரைக் கூடத்துக்குள் விட்டார். இது மின்பகுப்புகூட இல்லை. உப்புகளையும் ஈயத்தையும் பாதரசத்தையும் கலந்து கொளுத்துகிற, சித்தர் பாடல்களை நினைவூட்டும் பழைய பாணிப் புடம். இதற்கென்று வந்த நன்கொடை இரண்டு லட்சம் டாலர். ஆரம்பத்தில் தங்கம் தென்பட்டதாகச் சொன்னார்கள். அப்புறம் வரவில்லை. அவமானம் தாங்காமல் சக பேராசிரியர்கள் பலர் அவருடைய பட்டத்தைப் பறிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். விசாரித்த குழு, அவர் முறைகேடு செய்யவில்லை என்று விடுவித்தது. சிரிப்பு மட்டும் விடவில்லை: 1997-இல் இக் நோபல் என்ற நையாண்டிப் பரிசை அவருக்குக் கொடுத்தார்கள்.

போக்ரிஸ் பொய்யர் இல்லை. ஜெர்னகன் பெட்டியின் கதையைத் தெரிந்த எவரும் அந்த ஆளை உள்ளே விடும் முன்பு தரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தண்ணீரில் ஓடும் கார்கள் தனி வம்சம். ஓஹையோவின் ஸ்டான்லி மேயர் தன் குட்டிக் காரில் 83 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை போகும் என்றார். பணம் போட்ட இருவர் வழக்குப் போட்டார்கள்; நிபுணர்கள் கருவியைப் பார்த்து இது சாதாரண மின்பகுப்பு என்றார்கள்; 1996-இல் நீதிமன்றம் அப்பட்டமான மோசடி என்று சொல்லி 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. மேயர் 1998-இல் உணவகம் ஒன்றில் திடீரென்று இறந்தார். மூளை இரத்தக்குழாய் வெடித்தது காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொல்லியும், எண்ணெய்க் கம்பெனிகள் விஷம் வைத்தன என்ற கதைதான் இன்றும் வாட்ஸ்அப்பில் தமிழிலும் சுற்றுகிறது. ஜெர்னகன் பாடம் நடத்திய பிலிப்பைன்ஸில், டேனியல் டிங்கல் என்பவர் பல பத்தாண்டுகள் தண்ணீர்க் கார் காட்டிவிட்டு 2008-இல் தம் 82-ஆம் வயதில் மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். 2012-இல் பாகிஸ்தானில் ஓர் என்ஜினீயரின் ‘வாட்டர் கிட்’டை மந்திரிகள் பார்த்து மெய்சிலிர்த்தார்கள், இயற்பியலர் பர்வேஸ் ஹூத்பாய் போன்றவர்கள் ஆற்றல் அழிவின்மை விதியைத் தொலைக்காட்சியில் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. மூலிகைப் பெட்ரோலுக்கு ஊரே திரண்ட 1996-ஐ மறக்காத நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

விதி ஒன்றும் சிக்கலானதில்லை. இரண்டு பென்சில் குச்சிகளை உப்புத் தண்ணீரில் விட்டுச் சின்ன பேட்டரியோடு இணைத்தால் எந்தப் பிள்ளையும் பார்க்கலாம்: ஒரு பக்கம் ஹைட்ரஜன் கொப்புளம் பொங்கும், மறுபக்கம் நீச்சல் குளத்துக் குளோரின் வாடை வரும். ஹைட்ரஜன் எரியும்போது மறுபடி தண்ணீராகிறது. பிரிக்கக் கொடுத்த சக்திதான் சேரும்போது திரும்புகிறது, வழியில் சிந்தியது போக. தண்ணீர் எரிபொருள் இல்லை. எரிந்து முடிந்த சாம்பல்.

இந்தச் சாம்பலிலிருந்து திரும்பவும் ஹைட்ரஜன் எடுக்கிற தொழில் இப்போது நேர்மையாகவே நடக்கிறது. இந்திய அரசு 2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. அங்கே யாரும் தண்ணீர் சக்தி தருகிறது என்று சொல்வதில்லை. வெயிலும் காற்றும் தருகின்றன என்கிறார்கள். கணக்கும் திறந்து கிடக்கிறது: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் சுத்தமான தண்ணீரும் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். அதை எரித்தால் திரும்பி வருவது 33 யூனிட். அடுத்த முறை யாராவது தண்ணீர் வண்டியைக் காட்டிப் பங்கு கேட்டால், பேனட்டைத் திறக்கச் சொல்லி, அந்த 50 யூனிட் எந்த மீட்டரில் ஓடுகிறது என்று கேளுங்கள். கடல் தங்கம் என்றால், தரைப் பலகையைத் தூக்கிக் கீழேயும் பார்த்துவிடுங்கள்.